எம்ஆர்ஐ ஸ்கேன்: படுக்கப் போகுமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எம்ஆர்ஐ (பெரிய காந்தத்தால் உடம்பின் உட்புறத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) எடுக்க வரும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் நோய்க்கும், உங்கள் உடம்பில் வைத்திருக்கும் கருவிக்கும் உரிய முடிவை உங்களுக்குப் படம் எடுக்கும் குழுதான் சொல்ல வேண்டும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எம்ஆர்ஐயில் உயிரைப் பறித்த விபத்துகளைப் பார்த்தால், அறைக்குள் போயிருக்கக் கூடாத ஒரு பொருளோ, முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தியோ காரணமாக நிற்கிறது. ஆகவே இங்கே பாதிக்கு மேல் உலோகத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு உண்டா?

எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் உள்ள அயனியாக்கும் கதிர் இதில் இல்லை. பலமுறை எடுத்தாலும் அந்த வகையில் உடம்பில் எதுவும் சேராது.

நம் உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது. பெரிய காந்தம் அந்த அணுக்கருக்களை ஒரு திசைக்கு ஒழுங்குபடுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைத் தட்டிச் சாய்க்கிறது. அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன; திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை விடுகின்றன. மூளை, கொழுப்பு, வீங்கிய தசை, கட்டி என ஒவ்வொன்றும் திரும்பும் வேகம் வேறு. அந்த வேறுபாடுதான் திரையில் கறுப்பாகவும் வெளுப்பாகவும் தெரிகிறது. இதைப் படமாக்கும் வழியைக் கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

காந்தத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். 1.5 டெஸ்லா இயந்திரம் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸிலும், 3 டெஸ்லா 128 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. நாம் பாட்டுக் கேட்கும் எஃப்எம் அலைவரிசை 88 முதல் 108 வரை, இரண்டுக்கும் நடுவே. வெளியே இருக்கும் அலைகள் உள்ளே நுழையாதிருக்கத்தான் அறைச் சுவரெங்கும் செம்புத் தகடு பதிக்கிறார்கள். கதவு சரியாக மூடாவிட்டால் படத்தில் கோடுகள் விழும்.

காந்தம் எவ்வளவு வலுவானது? நோயாளி இல்லாத நேரத்தில் அணைத்து வைப்பார்களா?

அணைப்பதில்லை. இரவு, ஞாயிறு, தீபாவளி விடுமுறை என எந்த நேரமும் அது இயங்கிக்கொண்டே இருக்கும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய கம்பிச் சுருளில் மின்சாரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் இந்த வலு கிடைக்கிறது. ஸ்கேன் ஓடாதபோது சத்தம் இராது, ஆனால் இழுப்பு அப்படியே இருக்கும். "மெஷின் சும்மாதானே நிக்குது" என்று உள்ளே நுழைவது இதனால்தான் ஆபத்து.

இழுப்பு படிப்படியாகக் கூடுவதுமில்லை. இக்காலக் காந்தங்களின் புலத்தை இயந்திரத்தை ஒட்டியே அடக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் நிற்கும்போது கையிலிருக்கும் சாவிக் கொத்து அசையாது. இரண்டு எட்டு வைத்ததும் கையை விட்டுப் பறந்துவிடும். பிடித்து நிறுத்த அவகாசம் கிடைக்காது.

2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து மோதி ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்கு உதவ ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்த உறவினர் அதோடு இழுக்கப்பட்டு இறந்தார். 2025 ஜூலையில், நியூயார்க் பக்கம், ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போனவரை அவர் கழுத்தில் போட்டிருந்த கனத்த இரும்புச் சங்கிலி இழுத்துக் கொன்றது. மூன்றிலும் அந்தப் பொருளைக் கொண்டு வந்தவர் நோயாளி இல்லை, வேறொருவர். அப்பாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் மகனும், கைத்தடியோடு நிற்கும் பாட்டியும் நோயாளியைப் போலவே இந்த விதிக்கு உட்பட்டவர்கள். ஸ்கேனை இயக்கும் ரேடியோகிராபர் கூப்பிடும்வரை வாசற்கோட்டைத் தாண்டாதீர்கள், உள்ளிருந்து உங்கள் வீட்டு ஆள் கூப்பிட்டாலும்.

எதையெல்லாம் கழற்ற வேண்டும்?

கைப்பேசி, கைக்கடிகாரம், சாவி, பெல்ட், நாணயம், மைகார்டு, வங்கி அட்டை, காது கேட்கும் கருவி, கழற்றும் பல்செட்டு. இவை எல்லோருக்கும் தெரியும். நம்மவர்களிடம் மறந்துபோவது வேறு:

தாலிச் சங்கிலியில் அவசரத்துக்கு மாட்டி வைத்திருக்கும் ஊக்கு. இது எஃகு, காந்தத்துக்கு ஒரு சின்ன அம்பு. புடவை மடிப்பிலும் ரவிக்கைத் தோளிலும் குத்திய ஊக்குகளும் அப்படியே. கொண்டைக்குள் மறைந்திருக்கும் ஹேர்பின், பூவைச் செருகிய வளைவு ஊசி. மூக்குத்தியின் திருகு, மெட்டி, அரைஞாண், குழந்தையின் இடுப்புத் தாயத்து. தாயத்துக்குள் செம்புத் தகடு சுருட்டி வைத்திருப்பார்கள். வெளியே நூல்தானே தெரிகிறது என்று விட்டுவிடுகிறோம். ஐம்பொன் மோதிரத்தில் இரும்பும் கலந்திருக்கலாம். சனிக்காகப் போடும் குதிரை லாட மோதிரம் முழு இரும்பு. உடம்பு வலிக்காகப் போடும் காந்த வளையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முகக்கவசத்தின் மூக்குப் பகுதியில் மெல்லிய கம்பி இருக்கும். அதனால் முகத்தில் சுட்டுக்கொண்டதை அடுத்து 2020 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. கம்பியில்லாத கவசம் கேட்டு வாங்குங்கள். கண்மை, மஸ்காரா சிலவற்றில் இரும்பு ஆக்சைடு உண்டு. கண், மூளைப் படத்தைக் கெடுக்கும். காந்தத்தால் ஒட்டும் செயற்கை இமை கூடவே கூடாது. விபூதி, சந்தனத்தால் தொல்லை இல்லை.

ஜரிகைப் புடவை, கொக்கி வைத்த உள்ளாடை, வெள்ளி இழை கலந்த விளையாட்டு உடை எல்லாவற்றையும் மாற்றி மருத்துவமனை அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி இழை லேபிளில் எழுதியிருக்காது. அது சூடாகித் தோல் வெந்திருக்கிறது.

தாலியைக் கழற்ற மனம் வரவில்லை. தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதானே?

ஒட்டாது. 916 தங்கத்தில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும், அவையும் ஒட்டா. தொல்லை வேறு வகையில் வருகிறது. தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கழுத்தைச் சுற்றிய சங்கிலி மூடிய வளையம். ரேடியோ அலை அதில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கலாம். கழுத்து, மார்பு, தோள் படங்களில் அது இருக்கும் இடத்தைச் சுற்றிக் கறுப்புப் பள்ளமாக விழும். டாக்டர் பார்க்க வேண்டியதே அங்கே மறைந்துவிடும். கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருக்கவும் கூடும்.

அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்கள் பலர் செய்வதையே இங்கும் செய்யலாம். முதல் நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டு, தாலியைச் சங்கிலியோடு வீட்டில் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். வெறும் பருத்திக் கயிறும் மஞ்சளும் ஸ்கேனுக்குள் போகலாம். கயிற்றில் ஜரிகை இழை கூடாது. மருத்துவமனை லாக்கரில் நகையை வைப்பதைவிட வீட்டில் விட்டு வருவதே நல்லது.

படிவத்தில் கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறார்களே?

பதிவு செய்யும்போது ஒருமுறை, உடை மாற்றும் முன் ஒருமுறை, வாசலில் ஒருமுறை. மூன்றாவது தடவைதான் பலருக்கு "ஆமாம், 20 வருஷத்துக்கு முன்னால் தலையில் ஓர் ஆபரேஷன்" என்பது நினைவுக்கு வருகிறது. படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் புரிந்ததுபோலத் தலையாட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியையோ (தாதி) ரேடியோகிராபரையோ கேளுங்கள். பிள்ளைகள் முன்னால் சொல்லத் தயங்கும் செய்தி, கர்ப்பத்தடைக் காப்பர் டி போன்றது, இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். காப்பர் டி பொதுவாகத் தடையில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

உடம்புக்குள் கருவி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதா?

பெரும்பாலோருக்கு முடியும். கருவிகளை மூன்று அடையாளத்தில் பிரிக்கிறார்கள்: பச்சைச் சதுரம் என்றால் எந்த எம்ஆர்ஐ அறையிலும் பாதுகாப்பு, மஞ்சள் முக்கோணம் என்றால் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் மட்டும், சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் கூடாது. உடம்புக்குள் வைக்கும் உலோகக் கருவிகளில் மிகுதி மஞ்சள். நிபந்தனை என்பது காந்தத்தின் வலு, ரேடியோ அலையின் அளவு, படுக்கும் நிலை, நேரம் எல்லாம் சேர்ந்தது. "1.5இல் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதால் 3 டெஸ்லாவில் எடுக்கலாம் என்று ஆகாது.

இதயத்தில் வைத்த ஸ்டென்ட்: ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. இன்று பயன்பாட்டில் உள்ள இதய ஸ்டென்ட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றோடும், வைத்தவுடனேகூட, 3 டெஸ்லா வரை ஸ்கேன் எடுக்கலாம். கருவி வைத்தபோது கொடுத்த அட்டையைக் கொண்டு வாருங்கள்.

பேஸ்மேக்கர்: பெட்டி, அதிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பிகள் இரண்டுமே எம்ஆர்ஐக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பெட்டியைப் புதிதாக மாற்றி, பழைய கம்பியை அப்படியே விட்டிருந்தால் கதை மாறிவிடும். வைத்து ஆறு வாரம் ஆகாவிட்டால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அன்று கருவித் தொழில்நுட்பர் வந்து எம்ஆர்ஐ நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இடையில் ஈசிஜியும் ஆக்சிஜன் அளவும் கண்காணிப்பில் இருக்கும். தேசிய இருதயக் கழகத்திலோ வேறெங்கோ வைத்திருந்தால், ஸ்கேன் தேதி வாங்குமுன் அந்தப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். அன்று காலையில் சொன்னால் அன்றைய இடம் வீணாகும்.

மூளை ரத்தக் குழாய் வீக்கத்துக்குப் போட்ட கிளிப்: இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பழைய இரும்புக் கலப்புக் கிளிப் திரும்பிக்கொண்டால் குழாய் கிழிந்து உயிர் போகும். எந்த நிறுவனம், எந்த மாதிரி என்ற எழுத்துச் சான்று இல்லாவிட்டால் ஸ்கேன் இல்லை. "டைட்டானியம்னு டாக்டர் வாயால சொன்னாரு" என்பது சான்று ஆகாது. கிளிப்புக்குப் பதில் பிளாட்டினம் சுருள் வைத்திருந்தால் பொதுவாகத் தடையில்லை.

மூளைநீர் வடிகால் வால்வு: அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றக்கூடிய வகை என்றால் காந்தம் அதன் அளவை மாற்றிவிடலாம். ஸ்கேனுக்குப் பின் அன்றே சரிபார்க்க நரம்பியல் பிரிவில் நேரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோக்லியர் கருவி (காது கேளாதவருக்கு உள்காதில் வைப்பது): இதில் தலைக்குள் காந்தம் இருக்கிறது. சில மாதிரிகளுக்குக் கட்டுப் போட்டு 1.5இல் எடுக்கலாம், சிலவற்றுக்குக் காந்தத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும். கட்டுப் போட்டும் வலி வருவதுண்டு, காந்தம் இடம் நகர்ந்ததும் உண்டு.

மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் வைத்த பிளேட், ஸ்க்ரூ, மாற்று முழங்கால்: எலும்போடு இறுகியவை, நகரா. அவற்றைச் சுற்றிப் படம் கலங்கும், அவ்வளவே. தோலுக்கு வெளியே நிற்கும் கம்பிச் சட்டம் வேறு விஷயம். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். வயிற்றைப் படம் பிடிக்கும் கேப்ஸ்யூல் கேமராவை விழுங்கியிருந்தால் அது வெளியேறிவிட்டது என்று உறுதியாகும்வரை காத்திருங்கள்.

சூசுக் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டுமா?

வேண்டும். அழகுக்கோ காரிய வெற்றிக்கோ என்று முகத்திலும் தாடையிலும் தோலடியில் நுழைக்கும் மெல்லிய ஊசிகள் மலேசிய எக்ஸ்ரேக்களில் தென்படுவது புதிதல்ல. பலவும் தங்கம் கலந்தவை, அவை இழுபடுவதில்லை. ஆனால் எந்த உலோகம் கலந்தது என்பது வைத்தவருக்கே தெரியாதபோது சூடாகுமா என்பதை ஊகத்தில் விட முடியாது. ஓர் எக்ஸ்ரே எடுத்து எங்கே, எத்தனை என்று பார்த்துவிட்டு, படங்களைப் படிக்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் முடிவு செய்வார். யாரும் உங்களைக் கண்டிக்க மாட்டார்கள். ரகசியமாகக் கேட்டுக்கொள்ளவும் செய்வார்கள்.

தைப்பூசத்துக்கு அலகு குத்தியவர்களும் கேட்கிறார்கள். குத்திய வேலைக் கழற்றிய பிறகு உள்ளே எதுவும் தங்குவதில்லை, தடையில்லை.

வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவருக்கு ஏன் கண் எக்ஸ்ரே?

பட்டறையில் பறந்த இரும்புத் துகள் எப்போதோ கண்ணுக்குள் போய், வலி தீர்ந்து மறந்தும் போயிருக்கும். காந்தத்துக்குள் அது நகர்ந்தால் விழித்திரைக்கு முன் ரத்தம் கசியும். இப்படிப் பார்வை பாதித்த நோயாளியைப் பற்றி 1986லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கண்ணில் உலோகம் பட்டு டாக்டரிடம் போனது உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால் இரண்டு கண்குழிகளையும் எக்ஸ்ரே எடுத்த பிறகே உள்ளே விடுவார்கள். பினாங்கு பிறையில் ஒரு பட்டறையில் இளவயதில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தாலும் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரை, சென்சார் என்ன செய்வது?

மெட்ஃபார்மினை எம்ஆர்ஐக்காக நிறுத்த வேண்டியதில்லை. சிடி ஸ்கேனில் போடும் அயோடின் மருந்துக்கான அறிவுரையை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். இன்சுலின் பம்ப் அறைக்குள் வரக்கூடாது. கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரைப் பல நிறுவனங்கள் கழற்றச் சொல்கின்றன. விலை கூடிய பொருள் என்பதால், பழையது முடிந்து புதியது ஒட்டும் நாளில் ஸ்கேன் தேதி கேளுங்கள். வெறும் வயிறு எல்லா எம்ஆர்ஐக்கும் தேவையில்லை. வயிறு, பித்தக்குழாய் படங்களுக்குத்தான் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம். இன்சுலின் போடுபவர்கள் காலை முதல் இடத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் காத்திருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடும்.

மருந்து ஒட்டுப்பட்டைகளின் முதுகில் அலுமினியத் தாள் இருக்கலாம். சூடாகும். காட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்கிறார்களே, என்ன மருந்து?

கேடோலினியம் என்ற உலோகத்தை வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டி வைத்த மருந்து. கட்டி, சீழ், வீக்கம் உள்ள இடங்களில் தங்கி அவற்றைப் பளிச்சென்று காட்டும். வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிமோல். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிமோல் உள்ள மருந்தானால் 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிலிட்டர். 1 மில்லிமோல் உள்ளதானால் 6. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இரண்டு மடங்கு போட்டார்களே என்று கவலைப்பட வேண்டாம். முழங்கால், முதுகுத் தட்டு, பக்கவாதம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இந்த ஊசியே தேவைப்படாது.

இறால், நண்டு ஒவ்வாமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்பு இதே மருந்துக்குத் தடிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வரும். அதனால்தான் சற்று உட்கார வைக்கிறார்கள். தொண்டை இறுகுவது, மூச்சு இழுப்பது, தடிப்புப் பரவுவது என்றால் உடனே கூப்பிடுங்கள்.

சிறுநீரகம் பழுது, டயாலிசிஸ் செய்கிறேன். ஊசி போடலாமா?

தோலும் மூட்டும் கல்லாக இறுகும் ஒரு கொடிய நோயை இந்த மருந்தோடு தொடர்புபடுத்தி 2006இல் கண்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள். போட்டவை பெரும்பாலும் நேர்கோட்டு அமைப்புள்ள பழைய மருந்துகள், பலருக்கு அளவும் கூட. கேடோலினியத்தை வளையத்துக்குள் இறுகப் பூட்டிய மருந்துகளுக்கு மாறிய பிறகு புதிய நோயாளிகள் அரிதாகிவிட்டார்கள். ஐரோப்பாவில் நேர்கோட்டு மருந்துகள் பலவற்றை 2017இல் நிறுத்தி வைத்தார்கள்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரத்தப் பரிசோதனையில் eGFR என்று வரும் எண்) 30க்குக் கீழே இருந்தால் உண்மையில் ஊசி தேவையா என்று முதலில் யோசிப்பார்கள். தேவை என்றால் பாதுகாப்பான வகையை, குறைந்த அளவில் போடுவார்கள். டயாலிசிஸ் நாளையும் மையத்தின் பெயரையும் முன்பே சொல்லுங்கள்: ஸ்கேன் முடிந்த அன்றே டயாலிசிஸ் வருமாறு அமைப்பது நல்லது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) போட்ட கையில் ஊசியும் கூடாது, ரத்த அழுத்தப் பட்டையும் கூடாது. கையை நீட்டச் சொன்னால் நீங்களே மற்றக் கையை நீட்டுங்கள்.

மூளையில் இந்த உலோகம் நுண்ணளவில் தங்குவது 2014 முதல் தெரியும். வளைய வகையில் அது மிகக் குறைவு. தங்கியதால் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் காரணமின்றிப் போடக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கர்ப்பிணி? பால் கொடுக்கும் தாய்?

தேவை இருந்தால் எந்த மாதத்திலும் எம்ஆர்ஐ எடுக்கலாம். கதிர் இல்லாததால் பல நேரங்களில் சிடியைவிட இதைத்தான் விரும்புவார்கள். கேடோலினியம் ஊசியைத் தவிர்ப்பார்கள், வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் தலை சுற்றும். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கேளுங்கள். பால் கொடுப்பவர் ஊசிக்குப் பின்னும் கொடுக்கலாம். போட்ட அளவில் 0.04 விழுக்காட்டுக்கும் குறைவே ஒரு நாளில் பாலில் இறங்குகிறது. அதிலும் குழந்தையின் குடல் ஏற்பது மிகச் சிறு பங்கு. பாலைக் கறந்து கொட்டத் தேவையில்லை.

உள்ளே எப்படி இருக்கும்?

குழாயின் அகலம் 60 அல்லது 70 சென்டிமீட்டர். மூளைக்கோ முழங்காலுக்கோ 20 முதல் 30 நிமிடம். முதுகெலும்பு முழுவதும் என்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. இதயத்துக்கு ஒரு மணி வரை, சிலநேரம் மேலும். அறை குளிரும், போர்வை கேளுங்கள்.

சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். சிறு காந்தச் சுருள்களுக்குள் மின்சாரம் வேகமாக மாறும்போது அவை அதிர்ந்து அடிக்கும் ஓசை அது. காதுக்குக் கொடுக்கும் பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு விரியும்வரை பிடிக்க வேண்டும். காதின் வாசலில் செருகி வைப்பது பாதிகூடத் தடுக்காது. நழுவினால் கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்துங்கள்.

எம்ஆர்ஐயில் பதிவாகும் காயங்களில் அதிகம் சூட்டுக்காயம்தான். ரேடியோ அலை உடம்பைச் சற்றே சூடாக்கும். வழக்கமான நிலையில் கிலோவுக்கு 2 வாட் என்பது எல்லை. முழு உடம்பும் தாங்கும் அந்தச் சூடு, தோலும் தோலும் தொடும் ஒரு புள்ளியில் குவிந்தால் வேகும். தொடைகள் ஒட்டக்கூடாது, கெண்டைக்கால்கள் ஒட்டக்கூடாது, கைகளைக் கோக்கக்கூடாது. பயத்தில் பலர் கைகூப்பியோ விரல் கோத்தோ சாமியைக் கும்பிட்டபடி படுக்கிறார்கள். கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனசுக்குள் கும்பிடுங்கள். குழாய்ச் சுவருக்கும் முழங்கைக்கும் நடுவே மெத்தைத் துண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள். ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்று சுட்டால் தாங்கிக்கொள்ளாமல் பந்தை அழுத்துங்கள். தோலில் மெல்லிய துடிப்பு மட்டும் தெரிந்தால் அது மாறும் காந்தப்புலம் நரம்பைத் தூண்டுவது. தீங்கில்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும். குழந்தைக்கு எப்படி?

உள்ளே போகுமுன்பே கண்ணைத் துணியால் மூடிக்கொள்வது பலருக்கு உதவுகிறது. உள்ளே போன பிறகு கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் பதற்றம் கூடும். முழங்காலுக்குக் கால் முதலாகப் போகலாம், தலை வெளியே இருக்கும். 70 சென்டிமீட்டர் குழாய் உள்ள இடத்தைக் கேளுங்கள். மயக்க மாத்திரை கொடுத்தால் வண்டி ஓட்டித் திரும்ப முடியாது, ஆள் வேண்டும்.

அசையாமல் படுக்கத் தெரியாத குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். திட உணவு 6 மணி, தாய்ப்பால் 4 மணி, தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாட்டி இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் ஒளிக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். தேதி மாறுவது எவ்வளவோ மேல்.

எந்த நோய்க்கு எம்ஆர்ஐ, எதற்கு சிடி?

நுரையீரல், தலையில் அடிபட்ட உடனான ரத்தக்கசிவு, சிக்கலான எலும்பு முறிவு: சிடி. மூளைக்கட்டி, வலிப்பு, தண்டுவடம், தசைநார், கல்லீரல் கட்டி, புராஸ்டேட், பித்தக்குழாய்: எம்ஆர்ஐ.

பக்கவாதத்தில் எம்ஆர்ஐ வேண்டும் என்று குடும்பம் அடம்பிடிப்பது வீண். வாய் கோணினாலோ ஒரு பக்கம் விழுந்தாலோ 999ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம். நிமிடங்களில் முடியும் சிடியே பெரும்பாலும் முதல் படி. தூங்கி எழுந்தபோதே கை விழுந்திருந்தால், எப்போது தொடங்கியது என்று கணிக்க எம்ஆர்ஐ கைகொடுக்கும்.

தலசீமியா என்ற ரத்தநோய்க்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களுக்கு எம்ஆர்ஐ பெரும் உதவி. இதயத்தில் இரும்பு எவ்வளவு படிந்தது என்பதை ஊசி குத்தாமலே, சமிக்ஞை மங்கும் நேரத்தைக் கொண்டு மில்லிவினாடிக் கணக்கில் அளக்கலாம். 20க்குக் கீழே என்றால் படிந்திருக்கிறது. 10க்குக் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் வரும் ஃபெரிடின் இதை இவ்வளவு நேராகச் சொல்லாது.

முதுகுவலிக்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் தேவைப்படாது. வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் தட்டுப் பிதுக்கம் இருந்தது. "டிஸ்க் வெளியே வந்திருக்கு" என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து அறுவைக்கு ஓடாதீர்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ அன்றே அவசரப் பிரிவு.

3 டெஸ்லா என்றால் கூடுதல் நல்லதா?

மூளையின் நுண்ணிய பகுதி, புராஸ்டேட், சிறு மூட்டுகளுக்குப் பெரும்பாலும் ஆமாம். உலோகம் வைத்தவர்களுக்கு 1.5 நல்லது, கலங்கல் குறைவு, அனுமதியும் எளிது. விளம்பரத்தில் எண்ணைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

உடல் முழுவதையும் ஒரே தடவை பார்க்கும் பேக்கேஜ் பற்றியும் கேட்கிறார்கள். நோய்க்குறியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தீங்கில்லாத நீர்க்கட்டி ஒன்று தெரியும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு பரிசோதனையும் தூக்கம் கெட்ட இரவுகளும் வரும்.

அரசாங்க மருத்துவமனையா, தனியாரா? என்ன கொண்டு போக வேண்டும்?

கோலாலம்பூர், பினாங்கு பொது மருத்துவமனைகளில் பொதுவாக நிபுணர் டாக்டரின் பரிந்துரை வேண்டும். அவசரமில்லாதவர் காத்திருக்க நேரும். காத்திருக்கும்போது வலுக்குறைவு, பார்வை மங்கல் என்று புதிதாக ஏதாவது வந்தால் தேதி வரட்டும் என்று இருக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வரிசை மாறும். தனியாரில் விலை கேட்கும்போது நான்கையும் கேளுங்கள்: ஊசி சேர்த்தா, ரேடியாலஜிஸ்ட் அறிக்கை சேர்த்தா, மயக்க மருந்து சேர்த்தா, படங்களைப் பதிந்த வட்டு சேர்த்தா. காப்புறுதி என்றால் உத்தரவாதக் கடிதம் கைக்கு வந்த பிறகே போங்கள். கெடாவிலிருந்து பாலம் தாண்டி வருபவர்கள் கருவி அட்டையின் படத்தை முதல் நாளே அனுப்பிவிட்டால் ஒரு பயணம் மிச்சமாகும்.

மைகார்டு, பரிந்துரைக் கடிதம், பழைய படங்கள், அறுவைக் குறிப்பு, கருவி அட்டை, அண்மைய சிறுநீரக ரத்தப் பரிசோதனை. பழைய படம் இருந்தால்தான் கட்டி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

யாராவது காந்தத்தில் மாட்டிக்கொண்டால் உடனே நிறுத்த முடியாதா?

அவசர பொத்தான் உண்டு. அழுத்தினால் திரவ ஹீலியம் கொதித்து 700 மடங்குக்கு மேல் விரிந்து கூரைக் குழாய் வழியே வெளியேறும்; காந்தம் அடங்க ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகும். குழாய் சரியாக வேலை செய்யாவிட்டால் வாயு அறைக்குள் நிறைந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். எனவே ஆளின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே ஊழியர் அதைத் தொடுவார்கள். வெள்ளைப் புகை கண்டால் குனிந்து வெளியேறுங்கள். ஒட்டிக்கொண்ட நாற்காலியை நீங்களே இழுக்கப் போகாதீர்கள். பிடி விட்டு மறுபடி பாயும்.

முடிந்த பிறகு?

உடனே சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம். ஊசி போட்ட இடம் வீங்கினால் குளிர் ஒத்தடம். மறுநாள் தோலில் சிவந்த வட்டமோ கொப்புளமோ தெரிந்தால் அது சூட்டுக்காயமாக இருக்கலாம். படம் பிடித்து வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுத்த இடத்துக்கே தெரிவியுங்கள், அடுத்தவருக்கும் அது உதவும். படம் எடுத்த ரேடியோகிராபரிடம் "என்ன இருக்கு?" என்று கேட்டு அவர் சொல்லாவிட்டால் மறைக்கிறார் என்று எண்ண வேண்டாம், நூற்றுக்கணக்கான படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. பேஸ்மேக்கர் பழைய நிலைக்குத் திரும்பியதா, வால்வின் அளவு சரியா, காது கேட்கும் கருவி கைக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.